வலி தணிக்கும், உறக்கம் தரும் மூலிகைகள்: இல்லறத்தார்க்கு ஒரு பாடம்

உடல் நோவும் உறக்கமின்மையும் இரட்டைப் பிள்ளைகள். மூட்டு வலி உள்ளவர்க்கு இரவில் கண் மூடுவதில்லை. கண் மூடாதவர்க்கு மறுநாள் அதே வலி இரு மடங்காகத் தோன்றுகிறது. நம் இல்லங்களில் அறுபது அகவையைக் கடந்த பெரியோர் பலர் இவ்விரண்டையும் ஒருங்கே சுமக்கின்றனர். அவருள் சிலர் அதனை வெளியே சொல்வதில்லை. ‘வினைப்பயன், பொறுத்துக் கொள்வோம்’ என்று அமைதி கொள்கின்றனர். வேறு சிலர் யார் எதைச் சொன்னாலும் வாங்கி உண்கின்றனர். இவ்விரு வழிகளுக்கும் இடையே இல்லறத்தார்க்கு உரிய நடுவழி ஒன்று உண்டு. நம் வட்டாரத்து மூலிகைகளைக் கொண்டு அவ்வழியை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

நோவும் தியானமும்

உடல் துன்பம் அசாதா வேதனீய வினையின் உதயத்தால் வருவது என்பது நாம் அறிந்ததே. உறக்கத்தையும் நம் ஆகமம் வினைக்கணக்கில் வைத்து எண்ணுகிறது. தத்துவார்த்த சூத்திரம் கூறும் தரிசனாவரணீயத்தின் ஒன்பது வகைகளுள் ஐந்து, உறக்கத்தின் வகைகளே ஆகும். எனவே அளவிறந்த உறக்கத்தை நாம் வேண்டுவதில்லை. உடல் தேறி, மறுநாள் சாமாயிகத்திற்கு மனம் ஒருமைப்படுவதற்கு வேண்டிய அளவு உறக்கமே நாம் நாடுவது.

இனி, வலியைப் பொறுத்தல் பற்றி ஒரு சொல். துறவியர் பரீஷகங்களை வெல்லுதல் பெருந்தவம். இல்லறத்தார் நிலை வேறு. ஆர்த்த தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்று, வேதனையையே ஓயாது எண்ணிக் கொண்டிருத்தல். இரவு முழுதும் முழங்காலையே நினைத்துப் புரண்டு கிடப்பவர் வாயால் எதுவும் சொல்லாவிடினும், அவர் மனம் அந்தத் தியானத்திலேயே ஆழ்ந்து விடுகிறது. அவ்வலியைத் தகுந்த மருந்தால் தணிவித்தல் அவர் உடலுக்கு மட்டுமன்றி மனத்திற்கும் செய்யும் உதவியாகும். ஆகாரம், அபயம், சாத்திரம் ஆகியவற்றோடு ஔஷதத்தையும் சேர்த்து, தானம் நான்கு என நம் முன்னோர் வகுத்ததன் பொருள் இதனால் விளங்கும்.

மருந்தும் சமணமும் நெடுநாள் உறவுடையன. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலமாகிய 9-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த உக்ராதித்தியர், வடமொழியில் ‘கல்யாணகாரகம்’ என்னும் மருத்துவ நூலை இயற்றினார். ஊனும் கள்ளும் தேனும் இன்றியே மருத்துவம் செய்யலாம் என்பது அந்நூலின் தனிச்சிறப்பு. தமிழிலோ, நம் சமயப் புலவர் இருவர் தம் அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். கணிமேதாவியாரின் ‘ஏலாதி’, ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறு சரக்குகள் சேர்ந்த சூரணத்தின் பெயர். காரியாசானின் ‘சிறுபஞ்சமூலம்’, கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்து செடிகளின் வேர்கள் கூடிய மருந்தின் பெயர். வேரையே பெயராகக் கொண்ட நூல் நம்மிடம் இருக்கிறது. ஆதலால், நோய் தீர்க்க வேரை நாடுவதை நம் பெரியோர் முற்றிலும் விலக்கினர் என்று கூற இயலாது. எப்போது நாடுவது என்பதே வினா.

ஆறு பேரும் நாவல் மரமும்

அவ்வினாவிற்கு விடை, நம் பாடசாலைச் சிறுவரும் அறிந்த லேசியைக் கதையில் இருக்கிறது. பசித்த அறுவர் பழுத்த நாவல் மரம் ஒன்றைக் கண்டனர். முதல்வன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணினான். இரண்டாமவன் அடிமரத்தை வெட்டவும், மூன்றாமவன் பெருங்கிளையைத் தறிக்கவும், நான்காமவன் சிறுகிளையை ஒடிக்கவும், ஐந்தாமவன் கனியை மட்டும் பறிக்கவும் எண்ணினர். ஆறாமவன் தரையில் உதிர்ந்து கிடந்த கனிகளே போதும் என்றான். கருமை முதல் வெண்மை வரையிலான ஆறு லேசியைகளை இக்கதை காட்டுகிறது. அறுவர்க்கும் பசி ஒன்றே. நாடிய வழி மட்டுமே வேறு.

மருந்து தேடுபவரும் அந்த மரத்தடியில் நிற்பவரே. உதிர்ந்த பூ, பறித்த இலை, விதை, தண்டு, பட்டை, வேர் என மருந்துகளை வரிசைப்படுத்தினால், செடிக்கு நேரும் துன்பம் படிப்படியாக ஏறுவதைக் காணலாம். நொச்சியின் இலையைக் கொய்தால் அது மீண்டும் தழைக்கும். அமுக்கராவின் வேரைக் கொண்டால் செடியே போய்விடும்.

கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. வலிக்கும் உறக்கத்திற்கும் நம் பக்கத்தில் வழங்கும் மருந்துகளைப் பார்த்தால், இலையால் இடும் ஒற்றடமும் உணவோடு சேரும் கீரையும் பெரும்பாலும் மென்மையானவை. வேர் மருந்துகள் பெரும்பாலும் வலியவை. வலியதற்குப் பக்கவிளைவும் உண்டு. ஆகவே, செடிக்குக் குறைந்த துன்பம் தரும் மருந்திலிருந்து தொடங்குவது உண்பவர்க்கும் பெரும்பாலும் குறைந்த ஆபத்தாக முடிகிறது. இவ்விதிக்கு விலக்குகளும் உண்டு. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

அடி அண்ணாமலை வழியில்

திருவண்ணாமலையைச் சுற்றி வரும் பாதை 14 கிலோமீட்டர். அப்பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் உள்ள ஊர் அடி அண்ணாமலை. சைவ அன்பர்கள் பௌர்ணமிதோறும் வெறுங்காலுடன் இவ்வழியே நடக்கின்றனர். பாதி வழி கடந்து கால் நோவத் தொடங்கும் இடத்தில் அவ்வூர் இருக்கிறது. நம் மக்களுக்கும் இவ்வனுபவம் புதிதன்று. போளூரை அடுத்த திருமலையின் படிகளையும் வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையையும் ஏறி இறங்கிய முதியோர் முழங்கால்களுக்கு அது நன்கு தெரியும்.

கிரிவலப் பாதையின் ஓரங்களில் மூலிகைப் பொடிகளும் மூலிகைச் சூப்பும் விற்கப்படுவதைக் காண்கிறோம். அவற்றுள் நல்லனவும் இருக்கலாம். ஆயினும் பெயர் எழுதாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதை நாவால் அறிய முடியாது. மூட்டு வலிக்கு உடனே பலன் தரும் என விற்கப்பட்ட ‘மூலிகை’ப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் கண்டறிந்துள்ளனர். அத்தகைய பொடியால் வலி ஓரிரு நாளில் பறந்துவிடும். பின்னர் சர்க்கரை ஏறும், முகம் வீங்கும், எலும்பு நலியும். நெடுநாள் உண்டு திடீரென நிறுத்தினால் உயிருக்கே தீங்கு நேரலாம். மூலிகை மெல்லவே வேலை செய்யும். ஒரே நாளில் வலியைத் துடைத்தெறியும் பொடியைக் கண்டு மகிழ்வதைவிட ஐயுறுவதே அறிவுடைமை.

இவ்வட்டாரத்தின் வேலிகளிலும் வரப்புகளிலும் தாமாகவே வளரும் செடிகள் பல உள்ளன. மலைமீது உள்ள காடு வனத்துறையின் காப்பில் இருப்பது. வறண்டு கிடந்த அம்மலையில் 1980-களின் இறுதி முதல் தன்னார்வலர் பலர் மரக்கன்றுகளை நட்டுப் பசுமையை மீட்டு வருகின்றனர். அங்கே சென்று செடி பறித்தல் முறையன்று. நமக்கு வேண்டியவை வீட்டுக் கொல்லையிலேயே வளரும்.

வலிக்கு உரியவை

1. நொச்சி. வேலியில் வளரும் இச்செடியின் இலைகள் ஐவிரல் விரித்தாற்போன்று இருக்கும். ஒரு கைப்பிடி இலையை இரும்புச் சட்டியில் சிறிது விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, பருத்தித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் மூட்டின்மீது ஒற்றடம் இடலாம். நாளைக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும். இலையை நீரிலிட்டுக் கொதிக்க வைத்து வேது பிடித்தல் நீர்க்கோவையால் வரும் தலைப் பாரத்தைக் குறைக்கும்.

2. வாதநாராயணன். வாதத்தை அடக்குவது என்று பெயரிலேயே பொருள் தாங்கிய மரம். இலைகளை நீரிலிட்டுக் கொதிக்க வைத்து, இளஞ்சூட்டில் அந்நீரைக் கால்களில் ஊற்றிக் கழுவுவது நெடுவழி நடந்த களைப்பிற்கும் பிடிப்பிற்கும் இதம் தரும். இதனை உள்ளுக்கு உண்டால் வயிறு கழியும். ஆதலால் முதியோர் வெளிப் பயன்பாட்டோடு நிறுத்திக் கொள்வது நன்று.

3. புளியிலை. கால் பிசகிய இடத்தில் வதக்கிய புளியிலையை வைத்துக் கட்டுவது பழைய கைம்முறை. பிசகிய அன்றே சூடு இட்டால் வீக்கம் மிகும். முதல் இரண்டு நாள் குளிர்ந்த நீர்த்துணியைச் சுற்றி, காலை உயர்த்தி வைத்து, அதன்பின் இலையை நாடுக. காலை ஊன்றவே இயலாவிடில் எலும்பு முறிவு உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

4. முடக்கத்தான். முடக்கை அறுப்பது என்பதால் ‘முடக்கறுத்தான்’ எனப் பெயர் பெற்று, வழக்கில் முடக்கத்தான் ஆயிற்று. ஒரு கைப்பிடி இலையைத் தோசை மாவோடு அரைத்து வார்க்கலாம். இரசத்திலும் சேர்க்கலாம். மிகுதியாக உண்டால் வயிறு இளகும். வாரத்திற்கு இரு முறை உணவாகக் கொள்வது போதுமானது.

5. பிரண்டை. நாற்கோணத் தண்டுடைய கொடி. இளந்தண்டை நார் உரித்து, நெய்யிலோ எண்ணெயிலோ நன்கு வதக்கி, புளி சேர்த்துத் துவையலாக அரைப்பர். வதக்காமல் உண்டால் நாவும் தொண்டையும் அரிக்கும். அதில் உள்ள ஊசி போன்ற நுண்படிகங்களே அரிப்பிற்குக் காரணம். கையிலும் எண்ணெய் தடவிக் கொண்டே நறுக்குவது வழக்கம். தண்டின் ஒரு கணுவை மண்ணில் ஊன்றினால் மீண்டும் கொடியாகும் என்பதால், எடுத்ததைத் திருப்பித் தரவும் இதில் வழியுண்டு.

ஒற்றடம் இடுபவர்க்கு ஓர் எச்சரிக்கை. நீரிழிவு உள்ள பலர்க்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு அவர்க்குத் தெரியாது. தோல் வெந்த பின்னரே தெரியும். முடிச்சை முதலில் இடுபவர் தம் முன்கையில் வைத்துப் பார்த்து, பிறகே அவர் காலில் வைக்க வேண்டும். எருக்கிலையைப் பயன்படுத்துவோர் அதன் பால் கண்ணில் படாமல் காத்துக் கொள்க. கண்ணில் பட்டால் பார்வையே மங்கும். உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி, கண் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

உறக்கத்திற்கு உரியவை

உறக்கத்திற்கான முதல் மருந்து நம் விரதத்திலேயே உள்ளது. கதிரவன் மறையும் முன் உண்டு முடிப்பவர்க்கு, படுக்கும் வேளையில் வயிறு இலேசாக இருக்கும். இரவு உணவிற்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும் என்று இன்றைய மருத்துவர் கூறுவதும் இதுவே. நண்பகலுக்குப் பின் காப்பியையும் தேநீரையும் நிறுத்துவதும், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவதும், பகல் உறக்கத்தைக் குறைப்பதும் எந்த மூலிகைக்கும் முன்னே நிற்பவை.

இனி, நாவல் மரத்தடியில் நின்ற ஆறாமவனைப்போல் தொடங்குவோம். மருதோன்றிப் பூ உதிர்வது. உதிர்ந்த கொத்துகளைத் துணியில் முடிந்து தலைமாட்டில் வைத்து உறங்கச் செய்வது நம் பாட்டிமார் கையாண்ட முறை. நிழலில் உலர்த்திய நொச்சியிலையைத் தலையணையில் நிரப்புவதும் அத்தகையதே. இவற்றின் மணமும், நாள்தோறும் ஒரே வேளையில் செய்யும் பழக்கமும் மனத்தை அடக்குகின்றன. படுக்கும் முன் பாதங்களில் சிறிது நல்லெண்ணெய் தேய்த்துவிடுதலும் அவ்வாறே. பெற்றோர் பாதத்தை மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ பற்றித் தேய்க்கும் பத்து நிமிடத்தில் எண்ணெயால் வரும் பயனோடு வேறொரு பயனும் சேர்கிறது.

அடுத்தது விதை. ஜாதிக்காயை உரைத்தோ பொடித்தோ ஒரு சிட்டிகை பாலில் கலந்து அருந்துவது தமிழகமெங்கும் வழங்கும் முறை. இதன் செயல் மெல்லத் தோன்றுவது. எனவே கதிரவன் மறையும் முன் அருந்தி முடிப்பதால் குறை ஒன்றும் இல்லை. ஆயின் சிட்டிகைக்கு மேல் செல்லலாகாது. 5 கிராமும் அதற்கு மேலும் உண்டவர்க்கு நெஞ்சு படபடப்பு, வாய் வறட்சி, குமட்டல், மனக்குழப்பம் ஆகியன நேர்ந்துள்ளன. கருவுற்றோர்க்கும் குழந்தைகளுக்கும் இதனைத் தருதல் கூடாது. அழும் குழந்தையை உறங்க வைக்க ஜாதிக்காயை இழைத்துப் புகட்டும் வழக்கம் சில இல்லங்களில் இன்றும் உண்டு. அதனைக் கைவிட வேண்டும்.

கசகசாவை அரைத்துப் பாலில் சேர்ப்பதும் வழக்கம். அது அபினிச் செடியின் விதை. அபினி என்பது அச்செடியின் காயைக் கீறி எடுக்கும் பால். விதையில் அதன் கூறு மிகச் சிறிதே. சமையலுக்கு நம் நாட்டில் தடையில்லை. ஆனால் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா முதலிய வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் அதனைக் கொண்டு செல்வது குற்றம். அங்குள்ள பிள்ளைகளுக்கு மசாலாப் பொடியோடு கசகசாவும் கட்டி அனுப்பும் தாய்மார் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

இறுதியில் வேர். அமுக்கரா எனப்படும் அசுவகந்தி, சித்த மருத்துவத்தில் புகழ் பெற்றது. தாவரவியலார் அதற்கு இட்ட இலத்தீன் பெயரிலும் ‘உறக்கம் தருவது’ என்னும் சொல் உண்டு. அண்மைக்கால ஆய்வுகள் சில, சிறிய அளவில் நடத்தப்பட்டவை எனினும், உறக்கம் ஓரளவு கூடுவதைக் காட்டியுள்ளன. அதே வேளையில் இதனை உண்டோர் சிலர்க்குக் கல்லீரல் நோய் கண்டதும் பதிவாகியுள்ளது. டென்மார்க் நாடு 2023-இல் இதனைத் தடை செய்தது. தைராய்டு மருந்து, நீரிழிவு மருந்து, உறக்க மாத்திரை ஆகியவற்றை உண்பவரும் கருவுற்றோரும் தாமாக இதனைத் தொடங்கலாகாது. வேருக்கு உரிய நோய்தானா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இமயமலைச் சரிவுகளில் விளையும் சடாமாஞ்சிலும் உறக்கத்திற்குப் பெயர் பெற்றதே. அளவின்றித் தோண்டப்பட்டு அருகி வரும் அச்செடியை நாட்டு மருந்துக் கடையில் எளிதாகக் கேட்டு வாங்குமுன் ஒருமுறை சிந்திக்க வேண்டும்.

ஒரு வேரின் வரலாறு

வேர் மருந்தின் வலிமையையும் அதன் விலையையும் ஒருங்கே காட்டுவது சர்ப்பகந்தியின் வரலாறு. பித்துக்கும் உறக்கமின்மைக்கும் நம் நாட்டார் பல நூற்றாண்டுகளாக வழங்கிய வேர் அது. 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அது மனத்தை அடக்குவதையும் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவதையும் எழுதி வெளியிட்டனர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் அதன் பயனை எழுதிய பின்னர் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்து நாட்டின் சிபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். மன நோயாளர் பலர் அதனால் அமைதி பெற்றனர்.

ஆயின் அதனை நெடுநாள் உண்டோருள் சிலர்க்கு மனச்சோர்வு கண்டதாகப் பின்னர் எழுதப்பட்டது. அதனைவிடத் தீங்கு குறைந்த மருந்துகள் வந்ததும் மருத்துவர் அதனை விட்டு விலகினர். இடைப்பட்ட காலத்தில் உலகின் தேவைக்காக நம் காடுகளில் அச்செடி வேரோடு பறிக்கப்பட்டது. 1990-இல், பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அருகிய உயிரினங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. நாவல் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணிய முதல்வனின் கதையை இதில் காணலாம். நோய் தீர்த்ததும் உண்மை; செடி அழிந்ததும் உண்மை.

முன்னர்க் குறித்த விலக்குகளையும் இங்கே சொல்லிவிடுவோம். ஊமத்தையின் இலையும் விதையும் வேர் அல்ல. எனினும் சிறிதளவே உட்சென்றாலும் பிதற்றலும் மயக்கமும் தந்து உயிரையும் கொல்ல வல்லவை. அபினியும் வேர் அன்று, காயின் பால். ஊமத்தை, அபினி, எட்டி, சேராங்கொட்டை முதலியவற்றை இந்திய மருந்துச் சட்டத்தின் விதிகள் நச்சுப் பொருள் பட்டியலில் வைத்து, இவை சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்று மேலுறையில் எச்சரிக்கை அச்சிடப் பணிக்கின்றன. பொட்டலத்தில் அவ்வெச்சரிக்கை உள்ளதா எனப் பார்த்தல் வாங்குபவர் கடமை.

அபினியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்த்யூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளுநர் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குக் கிரேக்கரின் கனவுத் தெய்வத்தின் பெயரைத் தழுவி மார்பின் என்று பெயர் சூட்டினார். புற்றுநோயின் கடும் வேதனைக்கு இன்றும் அதற்கு நிகரான மருந்துகள் சிலவே. நோயாளர்க்கு அது எளிதில் கிடைக்கும் பொருட்டு, 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது. மருத்துவர் அளவிட்டுத் தரும் மார்பினைப் ‘போதை’ என்று அஞ்சி மறுத்து, வேதனையில் துடிக்கும் பெரியவரை அவ்வாறே விட்டுவிடுதல் அறமாகாது. அந்நிலையில் இலையும் ஒற்றடமும் போதா.

விரதமும் மருந்தும்

நோன்பு உடைய இல்லங்களில் மூன்று ஐயங்கள் எழுவது இயல்பு.

முதலாவது தேன். சித்த, ஆயுர்வேத சூரணங்களைத் தேனில் குழைத்து உண்ணச் சொல்வது பெரும்பான்மை. தேன் அங்கே பெரும்பாலும் அனுபானம், அதாவது மருந்தை உட்கொள்ளத் துணை நிற்பது. பல சூரணங்களுக்கு நெய், பால், வெந்நீர், வெல்லப்பாகு ஆகியவற்றுள் ஒன்றை மருத்துவர் மாற்றித் தர இயலும். ‘தேன் எங்களுக்கு ஆகாது’ என்பதை முதலிலேயே சொல்லுதல் வேண்டும். கூச்சத்தால் சொல்லாமல் வாங்கி வந்து, மருந்தை உண்ணாமல் மாடத்தில் வைத்துவிடுவதால் விரதமும் சிறப்பதில்லை, நோயும் தீர்வதில்லை. இலேகியங்களிலும் தேன் கலந்திருப்பதுண்டு. மேலுறையில் உள்ள சரக்குப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது இரவு. ‘படுக்கும் முன்’ என்று எழுதப்பட்ட மருந்தைக் கதிரவன் மறையும் முன் உண்ணலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். பல மருந்துகளுக்கு இயலும், சிலவற்றிற்கு இயலாது. இதயத்திற்கும் வலிப்பிற்கும் உரிய மருந்துகளின் வேளையை நாமே மாற்றுதல் கூடாது. நோயுற்றோர்க்கு விரதத்தில் எந்த அளவு நெகிழ்வு உண்டு என்பதை அவரவர் வணங்கும் ஆசாரியரிடம் கேட்டுத் தெளிக.

மூன்றாவது கந்தமூலம். பச்சை இஞ்சியை விலக்குவோரும் உலர்ந்த சுக்கை ஏற்பதுண்டு. அவரவர் மேற்கொண்ட நோன்பின் எல்லையை அவரவரே அறிவர். இங்குக் கூறிய ஒற்றடங்களும் கீரைகளும் அவ்வெல்லைக்குள் அடங்குவன என்பதால், பெரும்பாலோர் தயக்கமின்றித் தொடங்கலாம்.

மருத்துவரிடம் விரைய வேண்டிய வேளை

கீழ்க்காணும் குறிகள் தோன்றினால் வீட்டு மருந்தில் நேரத்தைப் போக்கலாகாது. நெஞ்சு வலி இடத் தோளுக்கோ தாடைக்கோ பரவுதல்; இடி விழுந்தாற்போன்று திடீரென எழும் தலைவலி; முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல்; ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து நோதல்; காய்ச்சலோடு மூட்டு வீங்குதல்; கீழே விழுந்த பின் நீங்காத வலி; காரணமின்றி எடை குறைந்து, இரவில் மிகும் எலும்பு வலி.

உறக்கத்திலும் ஒரு குறி உண்டு. உரக்கக் குறட்டை விட்டு, இடையே மூச்சு நின்று, திணறி எழுபவர்க்கு உறக்கத்தில் மூச்சடைக்கும் நோய் இருக்கலாம். அவர்க்கு உறக்கம் தரும் மருந்தைக் கொடுப்பது, அது மூலிகையே ஆயினும், மூச்சை மேலும் தளர்த்தித் தீங்கு செய்யக்கூடும். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேலும் உறக்கம் வராமல், எதிலும் நாட்டமின்றி, வாழ்வே சலித்தது போலப் பேசுபவர் மனநல மருத்துவரைக் காண வேண்டும். அதில் நாணுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆங்கில மருந்து உண்பவர் மூலிகையை நம்பி அதனை நிறுத்தலாகாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர் எந்தச் சூரணத்தையும் மருத்துவர்க்குச் சொல்லாமல் தொடங்கலாகாது. அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவுகளில் முறையாகப் பயின்ற மருத்துவர் உள்ளனர். 2005 முதல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்கி வருகிறது. உண்ணும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி, செல்லும் இடமெல்லாம் உடன் கொண்டு செல்வது நலம்.

தொகுத்துக் காண்போம்

வலியை முதலில் வெளியிலிருந்து தணிக்க முயல்க: நொச்சி, வாதநாராயணன், புளியிலை. அடுத்து உணவாகச் சேர்க்க: முடக்கத்தான், பிரண்டை. உறக்கத்திற்கு வேளையோடு உண்பதும் ஒழுங்கும் முதலாவன; பூவும் தலையணையும் பாத எண்ணெயும் அடுத்தன; ஒரு சிட்டிகை ஜாதிக்காய் அதற்கும் அடுத்தது. வேர் மருந்தை மருத்துவர் சொன்னால் மட்டுமே கொள்க. கடும் வேதனையில் இவ்வரிசையைப் பார்த்துக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைக.

ஒவ்வொரு இல்லத்தின் கொல்லையிலும் ஒரு நொச்சியும் ஒரு பிரண்டைக் கொடியும் ஒரு மருதோன்றியும் இருக்கலாம். கொல்லை இல்லாதோர்க்குத் தொட்டியிலும் பிரண்டை வளரும். அண்டை வீட்டார் கேட்டு வரும்போது ஒரு கைப்பிடி இலையும், அதனைப் பயன்படுத்தும் முறையும், எதற்கு அது போதாது என்னும் எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தால், அதுவே ஔஷத தானமும் சாத்திர தானமும் ஆகும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாவல் மரத்துக் கதையைச் சொல்லும் ஆசிரியப் பெருமக்கள், அடுத்த வகுப்பில் அவர்களை ஒரு வேலியோரம் அழைத்துச் சென்று, நொச்சி எது, எருக்கு எது, ஊமத்தை எது என்று காட்டுவார்களாக. இன்று வலியோடு விழித்திருக்கும் பாட்டனார்க்கு நாளை ஒற்றடம் இடப் போகிறவர்கள் அவர்களே.